சித்திரகுப்தன் கணக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

(வாசகசாலை ஆண்டுக் கூட்டத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று இக்கூட்டத்தில் ஏதோ பெரிய விஷயத்தைப் பற்றிப் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். ஆனால் நாம் பேச எடுத்துக்கொண்டது, உங்கள் வீட்டுக் கூடத்தில் மேஜையின் மேல் ஒரு பழைய துண்டால் மூடி வைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றியதேயாகும். இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு பிரசங்கமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். முழுவதும் கேட்டுவிட்டு, அதன் பிறகு அப்படிச் சொல்லுங்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. நாம் படித்த பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்ற வஸ்துவையே கண்டதில்லை. தட்டித் தடவி, தெரிந்தவர்களைக் கேட்டு, தப்புச் செய்து தெரிந்துகொண்டதையே சொல்லப் போகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள், சரியாய் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! எமலோகத்தில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கப்பிள்ளை இருப்பதாகவும், நாம் செய்வதையெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் எழுதி வைப்பதாகவும் நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அந்தக் கணக்கை யாராவது பார்த்ததுண்டா? ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் இப்பொழுது நம் வீட்டுக் கூடத்திலேயே மெய்யான ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கின்றான். கண்ட்ரோல் என்ற விசையையும் எச் என்ற விசையையும் சேர்த்து அழுத்தினால் அவனுடைய கணக்குப் புஸ்தகம் உங்கள் கண்ணெதிரே விரிந்துவிடும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். குரோம் என்ற பிரௌசர் இப்படி 90 நாள் கணக்கை வைத்துக் கொள்ளுகின்றது.

அதுமட்டுமல்ல. "குக்கி" என்று ஒன்று உண்டு. நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி என்பவர் 1994-ல் கண்டுபிடித்தது. ஒரு தளத்துக்கு நீங்கள் இரண்டாம் முறை போகும்போது "இவர் முன்னே வந்த ஆள்தான்" என்று அடையாளம் தெரிந்துகொள்ளுவதற்காக, அந்தத் தளம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே விட்டுவைக்கும் சிறு சீட்டு அது. இன்றி, நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டியவுடன் முன்பு தேடியதையெல்லாம் தானாகவே கீழே வரிசையாக நீட்டும் வழக்கமும் உண்டு. இன்னும் ஒன்று: உங்கள் கைபேசியிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கில் நுழைந்து, இரண்டையும் இணைத்து வைத்திருந்தால், நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தது, நீங்கள் வீடு வந்து சேருவதற்கு முன்னே கூடத்துக் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். இவ்வளவும் செய்பவன் கெட்ட எண்ணத்தோடு செய்வதாக நாம் சொல்லவில்லை. சௌகரியத்துக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள் என்று இருந்தால் அது சௌகரியந்தான். ஆனால் ஐந்து பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்கின்ற வீட்டில் ஒருவருடைய சௌகரியம் மற்றவருக்கு விலங்காய்ப் போய்விடுகின்றது.

எப்படி என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டாம். 22 வயதுப் பெண். படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வெளியூரில் ஒரு கம்பெனியில் நேரில் பார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வேலை உறுதியானால் தங்குவதற்கு இடம் வேண்டுமே என்று, பெண்கள் விடுதிக்கு மாத வாடகை என்ன, ரயில் எத்தனை மணிக்கு என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடியிருக்கின்றாள். உத்தியோகம் கிடைத்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவளுடைய எண்ணம். மறுநாள் அண்ணன் ஏதோ தேட உட்கார்ந்து ஓர் எழுத்தைத் தட்டினான். விடுதி என்றும், வாடகை என்றும், இரவு ரயில் என்றும் மூன்று வரி வந்து நின்றது. அவ்வளவுதான். பெண் யாருடனோ ஓடிப்போகத் திட்டம் போட்டுவிட்டாள் என்று வீடு முடிவு கட்டிவிட்டது. கடிதத்தைக் காட்டினாள், "அதுவும் ஏற்பாடாய் இருக்கும்" என்றார்கள். நேர்முகத்துக்குப் போகவேண்டிய நாளில் அவள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்து உண்மை தெரிந்து, அண்ணனே வருந்தினான். வருந்தி என்ன பிரயோஜனம்? போன வேலை வருமா?

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கணக்குப் புஸ்தகம் பொய் சொல்லவில்லை. விடுதியும் ரயிலும் தேடியது உண்மையே. ஆனால் ஏன் தேடினாள் என்பது அதில் எழுதியிருக்கவில்லை. எழுதாத பாகத்தை அண்ணன் தன் மனதிலிருந்த சந்தேகத்தைக்கொண்டு எழுதி நிரப்பிவிட்டான். மூன்று வரியைப் பார்த்து முழுக்கதை கட்டுவது, பல்லி சொன்னதைக் கேட்டுப் பயணத்தை நிறுத்துவதற்கு எவ்வளவு மேல் என்று கேட்கின்றோம். வியாதியைப் பற்றித் தேடியவருக்கெல்லாம் வியாதி இருக்கின்றதா? கொலை வழக்கைப் படித்தவன் கொலைகாரனா? விவாகரத்துச் சட்டத்தை வாசித்தவள் எல்லாம் விவாகரத்துச் செய்யப் போகின்றவளா?

இதைச் சொன்னால் உடனே ஒரு பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" என்பார்கள். யோக்கியமாய் நடப்பவர்களுக்கு அந்தரங்கம் எதற்கு என்பார்கள். தோழர்களே! இதைச் சொல்லுகின்ற கனவானிடம் நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள். "ஐயா, உங்கள் கைபேசியைக் கொஞ்சம் கொடுங்கள், அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தருகின்றோம்" என்று கேளுங்கள். அவருடைய கைபேசிக்குக் கைரேகைப் பூட்டு இருக்கும். அதற்குள் பண விஷயத்துக்குத் தனிப் பூட்டு இருக்கும். தமக்குப் பூட்டு வேண்டும், தம் மனைவிக்கும் மகளுக்கும் வேண்டாம் என்பதுதான் அந்தப் பழமொழிக்கு அவர் கண்ட அர்த்தம். குளிக்கும் அறைக்குக் கதவு போட்டிருக்கின்றோமே, உள்ளே குற்றம் நடக்கின்றது என்றா போட்டிருக்கின்றோம்?

அன்றியும், கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் கஷ்டம் எல்லோருக்கும் சமமாயில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் 100-க்கு 57 பேர் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் என்றும், பெண்களில் 33 பேர்தான் என்றும் தெரிகின்றது. தாமே உபயோகிக்கும் கைபேசி வைத்திருக்கின்ற பெண்கள் 100-க்கு 54 பேர். மீதிப் பேர் என்ன செய்வார்கள்? கணவன் கைபேசியிலோ, மகன் கைபேசியிலோ, கூடத்துக் கம்ப்யூட்டரிலோதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதையும் ஒருவர் பின்னால் நின்று படிக்கின்றார் என்றால், அந்தப் பெண் எதைத் தேடுவாள்? கோலமும் குழம்பும் தேடுவாள். தன் உடம்பிலுள்ள கட்டியைப் பற்றித் தேடமாட்டாள். கர்ப்பத்தடையைப் பற்றித் தேடமாட்டாள். சொத்தில் தனக்குள்ள பாத்தியதையைப் பற்றித் தேடமாட்டாள். பயந்துகொண்டு படிப்பவர்களுக்கு அறிவு எப்படி வளரும்?

நிற்க. மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியதையாகாது. நாமும் இந்தத் தப்பைச் செய்தவர்களே. நம் மகளுக்கு 19 வயது. ஊர் ஊராய்ப் போய் மனித சுதந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்த நாம், ஒரு நாள் இரவு யாரும் இல்லாத நேரத்தில் அவள் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து படித்தோம். பாடம், பாட்டு, துணிக்கடை என்று இருந்தது. கடைசி வரியில், "பிரௌசர் சரித்திரத்தை அழிப்பது எப்படி" என்று இருந்தது. நமக்கு முதலில் கோபம் வந்தது. எதை மறைக்கின்றாள் என்று தோன்றிற்று. பிறகுதான், அந்த நேரத்தில் அந்தப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யார் என்பது உறைத்தது. இப்படி ஒருவர் திறந்து பார்ப்பார் என்று அவள் நம்மைச் சரியாகவே கணித்திருக்கின்றாள். மறுநாள் அவளிடம் நடந்ததைச் சொன்னோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பா, உங்களுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போட்டுவிடலாம்" என்று அவளே உட்கார்ந்து செய்துகாட்டினாள். இன்று நாம் உங்களுக்குச் சொல்லப்போகும் முறைகளில் பாதி அவளிடம் கற்றது.

அந்த முறைகளுக்கு வருவோம். முதலில் உங்களில் பலர் "இன்காக்னிட்டோ" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொப்பியும் கண்ணாடியும் போட்ட படம் வரும். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிப்ட், என் என்ற மூன்று விசைகளையும், பயர்பாக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட், பி என்ற மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இந்தத் தனி ஜன்னல் திறக்கும். 2005-ல் ஆப்பிள் கம்பெனியின் சபாரியில் இந்த வசதி வந்தது. 2008-ல் குரோமிலும் 2009-ல் பயர்பாக்ஸிலும் வந்தது. இதைக் கண்டவுடன், இனி நம்மை யாரும் பார்க்க முடியாது என்று பலர் நம்பிவிடுகின்றார்கள். தாயத்துக் கட்டிக்கொண்டவன் பேய் அண்டாது என்று நம்புவதைப் போன்றதுதான் இதுவும். தாயத்துக்குள் என்ன இருக்கின்றது என்று பிரித்துப் பார்ப்பதே நம் வழக்கம். ஆதலால் இதையும் பிரித்துப் பார்ப்போம்.

இது செய்வது என்ன? அந்த ஜன்னலில் பார்த்ததை வீட்டுக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதுவதில்லை. தட்டிய எழுத்துக்களை ஞாபகம் வைப்பதில்லை. தளங்கள் கொடுத்த சீட்டுக்களை, அப்படித் திறந்த எல்லா ஜன்னல்களையும் மூடியவுடன் கிழித்துப் போட்டுவிடுகின்றது. எல்லாவற்றையும் மூடினால்தான் கிழிக்கும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், அடுத்து உட்காருபவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இது செய்யாதது என்ன? நீங்கள் இறக்கி வைத்த கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருக்கும். குறித்துவைத்த பக்கக்குறிகள் இருக்கும். நீங்கள் போன தளத்துக்கு நீங்கள் வந்தது தெரியும். இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரியும். முகவரியில் பூட்டு அடையாளமுள்ள தளமானால் அதில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது பொதுவாகத் தெரியாது. அந்த ஜன்னலுக்குள்ளேயே உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்துவிட்டால், தேடியதெல்லாம் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கம்ப்யூட்டரிலேயே யாராவது உளவு பார்க்கும் புரோகிராமைப் போட்டு வைத்திருந்தால், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் அது பிடித்துவிடும். தொப்பியும் கண்ணாடியும் அதைத் தடுக்கமாட்டா. 2010-லேயே ஸ்டான்போர்ட், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் நான்கு பிரௌசர்களைச் சோதித்து, இந்தத் தனி ஜன்னல் போட்ட பின்னும் பல வழிகளில் சுவடு தங்கிவிடுகின்றது என்று எழுதி வைத்திருக்கின்றார்கள்.

கம்பெனிக்காரர்களின் சங்கதியையும் கேளுங்கள். தனி ஜன்னலில் பார்ப்பதையும் கூகுள் சேகரிக்கின்றது என்று 2020-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2023 டிசம்பரில் ராஜி ஏற்பட்டது. 2024 ஏப்ரலில் வெளியான ராஜி நிபந்தனைகளின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், தனி ஜன்னலைத் திறந்தவுடன் வரும் அறிவிப்பை இன்னும் தெளிவாக எழுதவும் கூகுள் ஒப்புக்கொண்டது. தப்புச் செய்ததாக அந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அறிவிப்பைத் திருத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, பழைய அறிவிப்பை ஜனங்கள் எப்படி அர்த்தம் செய்துகொண்டார்கள் என்பது விளங்கவில்லையா? ஆகவே தனி ஜன்னல் வீட்டிலுள்ளவர்களின் கண்ணுக்கு ஒரு திரை. அந்த அளவுக்கு அதை உபயோகியுங்கள். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

அதைவிட மேலான வழி, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு ஏற்படுத்திக் கொள்ளுவதாகும். விண்டோஸில் செட்டிங்ஸ் என்பதில் அக்கவுண்ட்ஸ் என்ற இடத்துக்குப் போனால் இதைச் செய்யலாம். லினக்ஸிலும் உண்டு, ஆப்பிளிலும் உண்டு. கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள். பிறந்த தேதியை வைக்காதீர்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் அழுத்திப் பூட்டிவிட்டுப் போங்கள். பிரௌசருக்குள்ளேயே ஆளுக்கொரு பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளும் வசதியும் இருக்கின்றது. ஆனால் அது வெறும் தட்டி மறைப்பு. ஒரு தட்டுத் தட்டினால் மற்றவர் பக்கத்துக்குப் போய்விடலாம். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுகின்றோம். அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற அதிகாரக் கணக்கு யார் கையில் இருக்கின்றதோ, அவர் நினைத்தால் மற்றவருடைய அறைக்கும் மாற்றுச் சாவி போட முடியும். எந்தப் பூட்டானாலும் அதிகாரம் ஒரே கையில் இருந்தால் இதுதான் கதி. ஆகவே அந்த அதிகாரத்தை வைத்திருப்பவர் மற்றவர் அறையைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்ற வேண்டும்.

இனிச் சொல்லப்போவது தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. வீட்டில் அடி உதை உண்டு, உயிருக்குப் பயம் உண்டு என்கின்ற நிலையிலுள்ள பெண்ணுக்கு நாம் மேலே சொன்னது போதாது. அவள் தேடும் விஷயத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடாமலிருப்பதே நல்லது. நம்பிக்கையான தோழியின் கைபேசியிலோ, நூலகத்துக் கம்ப்யூட்டரிலோ பார்க்கட்டும். அவசரத்தில் பட்டியல் முழுவதையும் துடைத்துப் போடக்கூடாது. நேற்று வரை நிறைந்திருந்த புஸ்தகம் இன்று வெறுமையாய் இருந்தால், அதுவே சந்தேகத்தை உண்டாக்கும். வேண்டாத அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விடலாம். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கின்றது. குழந்தைகளுக்கு 1098 இருக்கின்றது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றது. அந்த எண்ணைக் கூப்பிட்டாலும் அது கைபேசியின் அழைப்புப் பட்டியலில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

"குடும்பத்துக்குள் என்ன அந்தரங்கம்? சர்க்கார் எட்டிப் பார்த்தால்தானே தப்பு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2017 ஆகஸ்டு 24-ந் தேதி, கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த உரிமை மனிதனுக்கு மனிதன் என்ற முறையில் உள்ளது. கல்யாணம் ஆன தேதியில் அது ஒருத்தியை விட்டு ஓடிப்போவதாக அதில் எழுதியிருக்கவில்லை. குடும்பத்தின் அந்தரங்கம் என்று ஒரு சுவரைக் கட்டி, அதற்குள்ளிருக்கும் ஒருத்திக்கு மட்டும் அந்தரங்கமே இல்லை என்றால், அந்தச் சுவர் யாருக்கு உபயோகம்? அடிப்பவனுக்குத்தான் உபயோகம்.

குழந்தைகள் விஷயம் வேறு. ஏழு வயதுக் குழந்தையைத் தனியே கிணற்றடிக்கு விடமாட்டோம். அதைப்போலவே இணையத்திலும் தனியே விடக்கூடாது. ஆனால் பார்ப்பதை வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டுப் பாருங்கள். "நீ பார்ப்பதை நாங்களும் பார்ப்போம், இன்ன காரணத்துக்காகப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். வயது ஏற ஏறக் கயிற்றைத் தளர்த்துங்கள். ஒளிந்திருந்து பார்த்தால் குழந்தை யோக்கியமாய் வளராது. ஒளிந்து செய்வதில் உங்களைவிடக் கெட்டிக்காரனாய் வளரும்.

ஆகவே தோழர்களே! இன்றிரவு நீங்கள் வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கின்றது. அந்தப் பழைய துண்டை எடுத்துவிட்டு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கணக்கு ஏற்படுத்துங்கள். கடவுச்சொல்லை அவரவரே தட்டட்டும். தட்டும்போது நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மனைவி தட்டும்போது கணவன் திரும்பிக்கொள்ள வேண்டும். மகள் தட்டும்போது தகப்பன் திரும்பிக்கொள்ள வேண்டும். நாமும் நம் வீட்டில் அப்படித் திரும்பி நின்றோம். கழுத்து ஒன்றும் சுளுக்கிக்கொள்ளவில்லை. இதில் உங்களுக்கு ஆக்ஷேபணை இருந்தால், மேடைக்கு வந்து காரணத்தோடு சொல்லுங்கள். கேட்டுக்கொள்ளத் தயாராயிருக்கின்றோம்.